டேக்வாண்டோ கற்க நெல்லையில் எங்கே சேரலாம்? பிள்ளைக்கு மட்டுமா, வீட்டுக்கே சேர்த்தா?

எட்டு வயதுப் பிள்ளையை மட்டும் ஒரு சண்டைக்கலை வகுப்பில் சேர்ப்பது என்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பொறுமையான மாஸ்டர் ஒருவர் இருந்தால் போதும். கராத்தேயா, கொரியாவின் உதைக்கலையான டேக்வாண்டோவா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி. ஆனால் "இவனை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருப்பதற்கு நானும் கற்றுக்கொள்ளலாமே" என்று அம்மா நினைக்கிறார், காலேஜ் போகிற அக்கா நானும் வருகிறேன் என்கிறாள், சுகருக்கு நடந்து நடந்து அலுத்துப்போன தாத்தாவுக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருக்கிறது என்றால் கணக்கு மாறிவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவருக்கு மேல் சேர்வதாக இருந்தால், எல்லா வயதினரையும் சேர்த்துக்கொள்கிற உள்ளூர் டேக்வாண்டோ கிளப்தான் நல்லது. மாநிலப் போட்டி, பதக்கம் என்று ஒரே குறியோடு இருக்கிற பையனுக்கோ பெண்ணுக்கோ வேறு வழி இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்களுக்கும் வேறு பதில் சொல்வேன்.

கிராமத்திலிருந்தே தொடங்குகிறேன். வள்ளியூர்ப் பக்கமோ நாங்குநேரிப் பக்கமோ இருக்கிறீர்கள், தெருவிலேயே நல்ல சிலம்ப ஆசான் இருக்கிறார் என்றால், டேக்வாண்டோவுக்காகப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறச் சொல்ல மாட்டேன். கோவில் கொடையில் கம்பு சுற்றுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் நம்முடையது. செலவென்று பார்த்தால் ஒரு கம்பு, ஆசானுக்குத் தட்சணை, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. காலடி முறைகளை ஒழுங்காகச் சொல்லித்தருகிற ஆசானிடம் ஆறு மாதம் கற்ற பிள்ளையின் நிற்கும் தோரணையே மாறிவிடும். சிரமம் இட விஷயத்தில்தான். கம்பு வீச அகலமும் வேண்டும், கூரை உயரமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் வகுப்பை உள்ளே மாற்ற முடியாது. டவுனிலோ வண்ணார்பேட்டையிலோ நெருக்கமான தெருவில் இருப்பவர்களுக்கு அந்த வசதி அமைவது கஷ்டம்.

கராத்தே தமிழ்நாட்டில் நெடுநாளாக வேர்விட்ட கலை, மாஸ்டர்களும் அதிகம். ஆனால் கோஜு ரியு, ஷிட்டோ ரியு, ஷோட்டோகான் என்று பாணிகள் பலவாகப் பிரிந்து கிடப்பதால், அம்பாசமுத்திரத்தில் பச்சை பெல்ட் வாங்கிய பிள்ளை வீடு மாறிப் பெருமாள்புரத்துக்கு வந்தால் திரும்ப வெள்ளையிலிருந்து தொடங்கச் சொல்கிற மாஸ்டரும் இருக்கலாம். ஒலிம்பிக்கில் கராத்தே டோக்கியோவில் மட்டும் இருந்தது, 2024 பாரிஸில் இல்லை. டேக்வாண்டோ 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சிப் போட்டியாக நடந்து, 2000 சிட்னியில் பதக்கப் போட்டியானது. அதற்குப் பிறகு ஒரு ஒலிம்பிக்கிலும் விடுபடவில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஒலிம்பிக் போகப்போகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு இத்தனை காலம் அங்கே நிலைத்தால் அதன் விதி, எடைப் பிரிவு, வயதுப் பிரிவு, பாதுகாப்புக் கவசம் எல்லாம் திட்டமாக அமைந்துவிடும். அதன் பலன் பேட்டையில் மொட்டை மாடியில் உதைத்துப் பழகும் பிள்ளைக்கும் வந்து சேரும்.

டேக்வாண்டோவில் காலுக்குத்தான் வேலை. ஒலிம்பிக் முறையில் முகத்தில் குத்தக் கூடாது. உடம்புக் கவசத்தில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் அதற்குமேல் கூடுதல். அதனால் பயிற்சியில் பாதி நேரம் இடுப்பையும் தொடையையும் தளர்த்துவதிலேயே போகும். நாள் முழுக்கக் கடையிலோ ஆபீஸிலோ நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு முதலில் இறுகிப்போகிற இடமும் அதுதான். முப்பத்தைந்து தாண்டியவர்களுக்கு இந்தக் கலை தருகிற பெரிய லாபம் இது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது: உடம்பு சூடாகும் முன் காலை உயரத் தூக்கினால் தொடை நரம்பு இழுத்துக்கொள்ளும், ஊன்றிய காலைத் திருப்பாமல் உதைத்தால் முட்டி திருகிவிடும். முதல் இரண்டு மாதமும் இடுப்பு உயரத்துக்கு மேல் உதைக்கவே விடாத மாஸ்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

எங்கே கற்பது?

நெல்லையில் பொதுவாக மூன்று வழி உண்டு. பிள்ளையின் பள்ளியிலேயே மாலை வகுப்பு, ஸ்டேடியம், தனி கிளப்.

பள்ளி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலைச்சல் கிடையாது, பிள்ளைக்குக் கூட்டாளிகளும் அங்கேயே இருப்பார்கள். ஆனால் பரீட்சை மாதங்களில் நின்றுவிடும். மாஸ்டரின் ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த வருடம் வேறு கலை, வேறு ஆள் என்று ஆகலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் அநேகமாக எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோர் உள்ளே போய்ப் பார்க்கப் பல பள்ளிகளில் அனுமதி இல்லை என்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். அம்மாவும் தாத்தாவும் சேர்வது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஸ்டேடியம் என்றால் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வருகிற இடம். அங்கே மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கே நேரில் போய், டேக்வாண்டோவுக்கு இந்த வருடம் பயிற்சியாளர் இருக்கிறாரா, எந்த வயதுக்காரர்களை எடுக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அடுத்தவர் சொன்னதை நம்பிப் போகவேண்டாம். அரசு அமைப்பின் நோக்கம் போட்டியாளர்களை உருவாக்குவது. பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் இருக்கின்றன. அந்த ஏணியில் ஏற ஆசைப்படுகிற, காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் நிற்கத் தயாரான பிள்ளைக்கு அதைவிட நல்ல சூழல் ஊருக்குள் இல்லை. சுற்றிலும் ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், ஹாக்கி ஆடுகிறவர்கள் என்று எல்லோரும் வியர்வையில் நிற்பதைப் பார்ப்பதே ஒரு படிப்பு. ஆனால் நாற்பது வயதில் வெள்ளை பெல்ட்டோடு தொடங்குகிற அம்மாவுக்கு அங்கே யாரும் தனியாக நேரம் ஒதுக்க மாட்டார்கள். அப்படி எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

அடுத்தது கிளப். எல்லா வயதினரும் இருக்கிற வகுப்பில் வரிசை வயதுப்படி நிற்காது, பெல்ட்படிதான் நிற்கும். சிவப்பு பெல்ட் கட்டிய பன்னிரண்டு வயதுப் பெண் முன்னால் நிற்பாள். அவளுடைய அம்மா வெள்ளை பெல்ட்டோடு கடைசியில். "எம்மா, முட்டிய முதல்ல தூக்குங்க, அப்புறம் காலை நீட்டுங்க" என்று மகள் திருத்துவாள், அம்மா திருத்திக்கொள்வார். வயதுக்குத்தான் மரியாதை என்று பழகிய நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இந்த அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. தான் கற்றதைப் பொறுப்போடு பெரியவருக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பதால் அந்தப் பிள்ளை தன் உதையையும் கவனமாகச் செய்யத் தொடங்கும். பெரியவர்களுக்கும் இதில் நல்லது உண்டு. சம வயதுக்காரர்களோடு ஜிம்முக்குப் போனால் வருகிற ஒப்பீடும் வெட்கமும் இங்கே சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

பெரும்பாலான கிளப்களில் வாரம் இரண்டு மூன்று நாள் வகுப்பு. வார்ம் அப், ஸ்ட்ரெட்ச், அடிப்படை உதைகள், பேடில் உதைத்துப் பழகுவது, அப்புறம் பூம்சே, கடைசியில் கவசம் இருப்பவர்களுக்கு ஃபைட். பூம்சே என்பது கற்பனை எதிரியோடு போடுகிற, வரிசை மாறாத அசைவுத் தொகுப்பு. கலர் பெல்ட் காலத்தில் தேகுக் என்ற பெயரில் எட்டு பூம்சே இருக்கின்றன. முழு வீடும் ஒரே வகுப்பில் இருக்க முடிவதற்குக் காரணமே இதுதான். ஃபைட் வேண்டாம் என்கிற தாத்தாவும் ஆச்சியும் பூம்சே வழியாகவே முன்னேறலாம். உலக பூம்சே சாம்பியன்ஷிப்பில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கராத்தேயிலும் இதே போன்ற 'கட்டா' உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வயதுக்கு ஒரு பிரிவு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருப்பது டேக்வாண்டோவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கை ஊனமுற்றவர்களுக்கும் இங்கே இடமிருக்கிறது. டோக்கியோ பாராலிம்பிக்கில்தான் டேக்வாண்டோ முதன்முதலாகச் சேர்ந்தது. அதில் இந்தியாவிலிருந்து ஹரியானாவின் அருணா தன்வர் கலந்துகொண்டார். அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் மாஸ்டரிடம் கேளுங்கள்.

கிளப்பை எடைபோடுவது எப்படி?

கிளப்தான் என்று முடிவானாலும் எல்லா கிளப்பும் ஒன்றில்லை. முதலில் தரையைப் பாருங்கள். டேக்வாண்டோ வெறுங்காலில் பழகுகிற கலை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட நம் ஊர் மொட்டை மாடி எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து உதைத்தால் பிள்ளைக்குக் குதிகால் வலி, பெரியவர்களுக்கு முட்டி வலி. ஒன்றோடொன்று கோர்க்கிற ரப்பர் மேட் விரித்து, மேலே கூரை உள்ள இடமாக இருந்தால் நல்லது. சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சின்னக் கல் கிழித்தது தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அவர்கள் டாக்டரிடம் பாதத்தையும் கண்ணையும் காட்டிவிட்டுத்தான் சேர வேண்டும். மாஸ்டரிடம் சொல்லி, டேக்வாண்டோவுக்கென்று விற்கிற மெல்லிய ஷூ போட்டுக்கொள்ளலாம். அதற்குச் சம்மதிக்காத மாஸ்டரிடம் தாத்தாவை அனுப்ப வேண்டாம். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. ஒரு மணி நேர வகுப்புக்கு வாரம் மூன்று நாள் போனால் அது நிறைவேறிவிடும். அதைத் தாண்டி அவரை முடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது ஃபைட். எடையும் வயதும் பார்த்து ஜோடி சேர்க்கிறாரா, சேர்ந்த முதல் மாதங்களில் புதியவர்களை ஃபைட்டுக்கு விடாமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். செஸ்ட் கார்டு, ஹெட் கார்டு, கைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் போடும் கார்டு, தொடையிடுக்கில் போடும் இடுப்புக் கவசம், பல் கார்டு ஆகியவை இல்லாமல் ஃபைட் நடக்கக் கூடாது. செஸ்ட் கார்டு கிளப்பிலேயே இருக்கும், ஆரம்பத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம். இடுப்புக் கவசத்தையும் பல் கார்டையும் மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். ஹெட் கார்டு மண்டைக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. அதனால் சின்னப் பிள்ளைகளைத் தலையில் உதைக்க விடுகிறாரா என்று நேராகவே கேளுங்கள். தலையில் பட்ட பிள்ளை தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று சொன்னால் அன்றைக்கே விளையாட்டை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புகிற மாஸ்டர் வேண்டும். "எழுந்து ஆடுல, ஒண்ணும் ஆகாது" என்கிறவர் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். கதவு திறந்திருக்க வேண்டும், எந்தப் பெற்றோரும் எந்த நேரத்திலும் வந்து பார்க்க முடிய வேண்டும். பெண் மாஸ்டரோ மூத்த பெண் மாணவியோ வகுப்பில் இருந்தால் நல்லது. இடுப்பைத் திருத்தவோ காலைப் பிடித்து நீட்டவோ தொட வேண்டியிருந்தால், கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் செய்வதுதான் முறை. தனியாக வரச்சொல்லும் 'ஸ்பெஷல் பயிற்சி' எதுவும் கூடாது. மேலப்பாளையத்திலிருந்து வரும் பெண்கள் சிலர், தலையை மூடிக்கொண்டு இதில் ஆட முடியுமா என்று தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். தாராளமாக முடியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஈரானின் கிமியா அலிசாதே ஹெட் கார்டுக்குள் தலையை மூடியபடி ஆடித்தான் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஈரானியப் பெண் அவர், அப்போது வயது 18. யூனிஃபார்மும் தளர்வான முழுக்கை, முழுக்கால் உடைதான்.

இனி பெல்ட். பெற்றோரின் பணம் அதிகம் வீணாகிற இடம் இதுதான். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்பது பொதுவான வரிசை, இடையில் கோடு போட்ட பெல்ட்களும் வரும். டெஸ்டுக்கு வந்த எல்லோரும் ஒவ்வொரு முறையும் பாஸ் ஆகிறார்கள் என்றால் அங்கே பெல்ட் விற்கப்படுகிறது என்று அர்த்தம். ஒரே வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று சொல்கிறவரிடம் போகவே போகாதீர்கள். சியோலில் 1972ல் கட்டப்பட்ட குக்கிவோன்தான் உலகெங்கும் ஏற்கப்படுகிற கறுப்பு பெல்ட் சான்றிதழைத் தருகிறது. கறுப்பு பெல்ட்டின் படிநிலைகளுக்கு 'டான்' என்று பெயர். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 'டான்' கிடையாது, 'பூம்' என்ற தகுதிதான். முதல் டானிலிருந்து இரண்டாவதுக்குப் போகக் குறைந்தது ஒரு வருடம், இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இந்தக் காலக்கெடு தெரிந்திருந்தாலே பாதி ஏமாற்றுப் பேச்சு நம்மிடம் எடுபடாது.

மாஸ்டர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். டேக்வாண்டோவில் பெரிய கிளைகள் இரண்டு. கொரிய ராணுவ ஜெனரல் சோய் ஹாங் ஹி 1966ல் தொடங்கிய ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) ஒன்று, 1973ல் உருவாகி இப்போது வேர்ல்டு டேக்வாண்டோ என்ற பெயரில் இருப்பது மற்றொன்று. ஐடிஎஃப்பில் பூம்சேவுக்குப் பதிலாக 24 பேட்டர்ன்கள், ஃபைட்டில் முகத்துக்குக் கையும் போகும். கலையாகக் கற்க அதுவும் அருமையானது. ஒலிம்பிக் பாதை மட்டும் வேர்ல்டு டேக்வாண்டோ வழியாகத்தான் போகிறது. இந்தியாவில் தேசிய அமைப்பு நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒன்றுக்கு மேல், தகராறும் பல வருடமாக நடந்தது. ஆகவே கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டை மனதில் வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள், இந்த கிளப்பின் சான்றிதழ் அங்கே செல்லுமா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்தில் போய் விசாரித்துப் பயனில்லை. வெறும் ஆரோக்கியத்துக்காகச் சேர்கிற அம்மாவுக்கு இந்தக் கவலை எதுவும் தேவையில்லை.

செலவு கேட்கும்போது மாசக் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். சேர்க்கைக் கட்டணம், யூனிஃபார்ம், ஒவ்வொரு பெல்ட் டெஸ்டுக்கும் கட்டணம், சங்கப் பதிவு, போட்டி நுழைவுக் கட்டணம், மதுரைக்கோ சென்னைக்கோ போகிற போக்குவரத்து, கவசங்கள் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குச் சேர்த்து ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லுங்கள். நல்ல மாஸ்டர்கள் கோபப்படாமல் எழுதித் தருவார்கள். மூன்று பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆளுக்குக் குறைத்துக்கொள்கிற கிளப்களும் உண்டு, கூச்சப்படாமல் கேட்கலாம். போட்டிக்குப் போவது கட்டாயமா என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வற்புறுத்துகிற இடம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.

கடைசியாக, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வகுப்பு முடிகிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஃபைட் நடக்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நன்றாக உதைக்கிற பிள்ளையை எல்லா மாஸ்டரும் நன்றாகத்தான் நடத்துவார்கள். வரிசையில் கடைசியில் நின்று, இடது எது வலது எது என்று குழம்புகிற பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்த்தால் போதும், முடிவெடுத்துவிடலாம். உங்களுக்குப் பிடித்துவிட்டால் வீட்டில் சேர நினைக்கிற எல்லோரையும் ஒரே நாளில் ஒரு வகுப்புக்குச் சும்மா அழைத்துப் போங்கள். டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். சுகர் மாத்திரை போடுகிறவர் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். சேரும்போது ஒரு வருடத் தொகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், அது வேண்டாம். முதல் மூன்று மாதத்தை மாதாமாதம் கட்டுங்கள். யூனிஃபார்ம் வாங்குவதை இரண்டாவது மாதத்துக்குத் தள்ளிப் போடலாம். வளர்கிற பிள்ளைக்கு ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.